டிரைவர் ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

மதுரையில் கோல்ஃப் ஆடுகிறவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி "எங்கே போய் ஆடுகிறீர்கள்?" என்பதுதான். பலருடைய பதிலும் ஒன்றே: வாரநாள்களில் தோப்பிலோ மொட்டை மாடியிலோ கட்டிய வலை, விடுமுறை கிடைத்தால் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம். ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய ஆடுபாதையில், காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தால் அது தானாக நகரும்வரை காத்திருப்பதும் அங்கே ஆட்டத்தில் சேர்த்திதான்.

பந்தடிக்கும் மட்டையான கிளப்பை வாங்குவதும் இதே கதை. நான்கைந்து டிரைவர்களை (நெடுந்தூரம் அடிப்பதற்கான கிளப்) கையில் வாங்கி வீசிப் பார்த்து எடுக்கும் வசதி நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த செட், இல்லையென்றால் இணையத்தில் மலிவாகக் கிடைத்த பழைய டிரைவர் என்றுதான் பலருக்கும் தொடக்கம் அமைகிறது. அதில் மாட்டியிருக்கும் ஷாஃப்ட், அதாவது பிடிக்கும் தலைக்கும் இடையிலான தண்டு, வேறொருவருடைய வேகத்துக்காக எடுத்தது. பந்து வலப்பக்கம் வளைந்து ஓடத் தொடங்கியதும், "ஷாஃப்டை மாற்றினால் சரியாகிவிடுமா?" என்ற கேள்வி வந்து நிற்கும். சில நேரம் சரியாகும். பல நேரம் காசுதான் கரியாகும். எது எப்போது என்று பிரித்துப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், அதாவது ஷாஃப்டில் அச்சிட்ட எழுத்திலிருந்து. நாம் முதலிலிருந்தே போவோம். இங்கே சொல்லும் வலம், இடம் எல்லாம் வலக்கைக்காரருக்கானவை.

1. பவுடர் டப்பாவை எடுங்கள்

முகத்துக்குப் போடும் சாதாரண பவுடர் போதும். டிரைவரின் முகப்பைத் துணியால் துடைத்து, பவுடரை மெல்லியதாகத் தடவி, டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) பந்தை வைத்து அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் பவுடர் ஒட்டிக்கொண்டு போய் வட்டமாக ஒரு தடம் தெரியும். பந்தின் குழிகள்கூடப் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, துடைத்து, மறுபடி தடவி, அடுத்த பந்து. பத்துப் பந்து ஆனதும் படங்களை வரிசையாகப் பாருங்கள். பவுடர் பூசிய முகப்பில் உராய்வு மாறிவிடும் என்பதால் அந்தப் பந்துகள் எங்கே போய் விழுந்தன என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தடம் மட்டும்தான் சாட்சி.

தடங்கள் ஷாஃப்ட் பக்கமாக, அதாவது குதிப் பக்கம் ஒதுங்கியிருந்தால் பந்து வலப்பக்கம் வளைய முனையும், வேகமும் குறையும். நுனிப் பக்கம் ஒதுங்கினால் இடப்பக்க வளைவு. முகப்பின் அடியில் பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி மட்டும் ஏறும். நடுவுக்குக் கொஞ்சம் மேலே பட்டால் உயரமாகக் கிளம்பிச் சுழற்சி குறையும், டிரைவருக்கு அதுதான் லாபம். ஆக, பந்து வளைவதற்கு ஷாஃப்ட் காரணமே இல்லாமல் இருக்கலாம்.

தடங்கள் முகப்பு முழுவதும் சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியானால் இந்தக் கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, ஷாஃப்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போய்விட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வீசுகிறவருக்குப் பொருந்தும் ஷாஃப்ட் என்று ஒன்று கிடையாது. தடங்கள் ஏதாவது ஒரு பக்கமாகக் கூடியிருந்தால் மேலே படிக்கலாம்.

2. பிடியில் டேப் ஒட்டுங்கள்

சிலம்பக் கம்புக்கு ஆளின் உயரத்தைப் பார்ப்பது போல டிரைவருக்கும் உயரத்தைப் பார்த்து நீளம் சொல்கிறவர்கள் உண்டு. இங்கே அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. நெட்டையானவரும் நீளமான டிரைவரில் நடுமுகப்பைத் தவற விடுவார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த நீளத்தில் பந்து நடுவில் படுகிறது?

கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 முதல் 46 அங்குலம் வரை இருக்கும். நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும், விளம்பரத்தில் தூரம் கூடும், விற்பனையும் கூடும். ஆனால் பந்தடித்தே சோறு உண்ணும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் 45 அங்குலத்தையோ அதற்கும் குறைவானதையோதான் வைத்திருக்கிறார்கள். விதிப்படி ஒரு கிளப் 48 அங்குலம் வரை இருக்கலாம். உயர்மட்டப் போட்டிகளை நடத்துகிறவர்கள் விரும்பினால் 46 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள 2022 ஜனவரி முதல் இடமளிக்கப்பட்டிருக்கிறது. அந்த உச்சவரம்பு பற்றி நமக்குக் கவலை வேண்டாம்.

பிடியின் மேல்முனையிலிருந்து அரை அங்குலத்தில் ஒன்று, ஓர் அங்குலத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் டேப் ஒட்டுங்கள். முழு நீளத்தில் சில பந்து, முதல் டேப்புக்குக் கீழே பிடித்துச் சில பந்து, இரண்டாவதற்குக் கீழே சில பந்து. மறுபடி பவுடர், மறுபடி படம். ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்ததும் தடங்கள் நடுவுக்கு வந்து கூடினால், தூரம் குறைந்திருக்காது. பல நேரம் கூடியே இருக்கும். நடுவில் பட்ட மெதுவான அடி, ஓரத்தில் பட்ட வேகமான அடியை எளிதில் முந்திவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. புதியவர்களில் பலருக்குத் தேடிய விடை இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

உடனே ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள். சில வாரம் இறக்கிப் பிடித்தே ஆடிப் பாருங்கள். அறுத்த பிறகு தலையின் எடை கையில் குறைவாகத் தெரியும். இதை ஸ்விங் வெயிட் என்ற அளவால் குறிக்கிறார்கள். அரை அங்குலம் குறைத்தால் அந்த அளவில் ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். அரை அங்குலத்துக்கு 6 கிராம் அளவில் ஈயப் பட்டையோ கனமான திருகோ சேர்த்தால் பழைய உணர்வு திரும்பிவிடும்.

3. எடை

ஷாஃப்டில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். '6 எஸ்' என்றால் 60 கிராம் வகுப்பு, எஸ் விறைப்பு. '5 ஆர்' என்றால் 50 கிராம் வகுப்பு, ஆர் விறைப்பு. வகுப்பு என்று சொல்வதற்குக் காரணம், 6 என்று போட்டிருப்பது உண்மையில் அறுபதுகளில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

இப்போதைய கிராஃபைட் டிரைவர் ஷாஃப்டுகள் 40 முதல் 80 கிராம் வரை கிடைக்கின்றன. இலேசானது வேகமாகச் சுழலும் என்பது பொதுவான எண்ணம். எண்ணத்தில் தவறில்லை, அளவில்தான் ஏமாற்றம்: 10 கிராம் குறைத்து வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினாலே அதிகம். மாறாக, கைக்குத் தெரியாத அளவுக்கு இலேசாகிவிட்டால் தோளும் கையும் அவசரப்பட்டு, தடங்கள் மறுபடி சிதறும். அளவுக்கு மேல் கனமாக இருந்தால் முதல் அரைமணி நேரம் அருமையாகப் போகும். பிறகு வீச்சு தளர்ந்து பந்து வலப்பக்கமே நழுவும்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. காலை ஏழு மணிக்கு அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல், சட்டை நனைந்து முதுகில் ஒட்டிய பிறகு எந்த எடை இன்னும் கையோடு வருகிறதோ அதுதான் உங்களுடையது. (தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும், சோதனைக்காக மயங்கி விழ வேண்டாம்.) தொடங்குகிறவர்களில் பலர் 50 கிராம் வகுப்பில் வந்து நிற்பார்கள். உடல் வலுவும் வேகமும் உள்ளவர்கள், கனமான எஃகு ஷாஃப்ட் போட்ட அயர்ன்களை (குறைந்த தூரத்துக்கான கிளப்புகள்) வைத்திருப்பவர்கள் 60ஐப் பார்க்கலாம். அயர்ன் 120 கிராமும் டிரைவர் 45 கிராமும் என்று இருந்தால் இரண்டுக்கும் ஒரே தாளத்தில் வீசுவது கடினம்.

4. விறைப்பு: அந்த எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வளைந்து கொடுப்பதிலிருந்து விறைப்பானது வரை எழுத்துகள் போகின்றன. வழக்கத்தில் சொல்லும் கணக்கு இது: தலையின் வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கீழே எல், 75 முதல் 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். வேகம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: நன்றாகப் பட்ட பந்து, உருளும் தூரத்தைச் சேர்க்காமல், காற்றிலேயே 200 கெஜத்தைத் தாண்டினால் வேகம் 90 மைலை ஒட்டியிருக்கும்.

இந்தக் கணக்கைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை அளவு எல்லாக் கடையிலும் ஒன்றாக இருந்தாலும் இருக்கும். ஷாஃப்டின் எழுத்துக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ்ஸை எட்டிவிடும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே 50 கிராம் எஸ்ஸும் 70 கிராம் எஸ்ஸும் ஒன்றல்ல. கனம் கூடக்கூட அதே எழுத்து இன்னும் விறைப்பாக இருப்பதுதான் வழக்கம். ஷாஃப்டின் பிடி முனையை இறுக்கிக் கவ்வி, மறுமுனையைச் சுண்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எண்ணும் கருவி ஒன்று ஃபிட்டிங் நிலையங்களில், அதாவது ஆளுக்கேற்ற கிளப்பை அளந்து தேர்ந்தெடுக்கும் இடங்களில், இருக்கும். இரண்டு ஷாஃப்டை ஒப்பிட அச்சிட்ட எழுத்தைவிட அந்த எண் நேர்மையானது.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் வீசும் விதம். ஒரே 90 மைல் வேகத்தில் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் மேலே கொண்டுபோய் நிதானித்து இறக்குகிறார். மற்றவர் மேலே போன வேகத்தில் வெடுக்கென்று திரும்புகிறார். இரண்டாமவர் ஷாஃப்டை அதிகம் வளைக்கிறார். அவருக்குக் கணக்கு சொல்வதைவிட ஒரு படி விறைப்பானது பிடிக்கலாம். முதலாமவர் ஒரு படி இளக்கமானதில் நன்றாக அடிப்பார்.

ஷாஃப்ட் உண்மையில் என்ன செய்கிறது? அது தன்னிடமிருந்து பந்துக்கு வலிமை எதையும் கொடுத்துவிடுவதில்லை. வீச்சு இறங்கத் தொடங்கும்போது பின்னோக்கி வளைகிறது. பந்தை நெருங்கும்போது, தலையின் எடை ஷாஃப்டின் நேர்கோட்டுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால், முன்னோக்கி வளைகிறது. அப்படி முன்னோக்கி வளையும்போது முகப்பு சற்று மேல்நோக்கிச் சாய்கிறது, சற்று மூடவும் செய்கிறது. அதனால்தான் உங்களுக்கு அளவுக்கு மேல் இளக்கமான ஷாஃப்டில் பந்து உயரமாகவும் இடப்பக்கமாகவும் போக முனைகிறது. அளவுக்கு மேல் விறைத்ததில் தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் நழுவ முனைகிறது. முனைகிறது என்றுதான் சொல்கிறேன். கைகள் இதை உணர்ந்து தாமாகவே வீச்சை மாற்றிக்கொள்வதால் சிலருக்குத் தலைகீழாகவும் நடக்கும். ஆகவேதான் அட்டவணை முடிவு சொல்வதில்லை, அடித்துப் பார்ப்பதுதான் சொல்லும்.

எஸ் என்று எழுதியிருந்தால் கௌரவம், ஆர் என்றால் கிழவர்களுக்கு என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பந்துக்கு எழுத்து படிக்கத் தெரியாது. ஐயமிருந்தால் இளக்கமான பக்கமே சாயுங்கள்.

5. வளைவுப் புள்ளி, முறுக்கம், நிறம்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வளைவுப் புள்ளி, அதாவது ஷாஃப்ட் அதிகமாக வளையும் இடம், தாழ்வாக இருந்தால் பந்து உயரமாகக் கிளம்பும், மேலே இருந்தால் தாழ்வாகக் கிளம்பும் என்பார்கள். உண்மைதான், வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். பந்து உயரவில்லை என்பதுதான் உங்கள் குறையென்றால் ஷாஃப்டைத் தொடாமல், டிரைவரின் கழுத்தில் ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் ஸ்லீவைத் திருப்பி, லாஃப்டை (முகப்பின் மேல்நோக்கிய சாய்வு) ஒரு டிகிரி கூட்டிப் பாருங்கள். அது செய்யும் மாற்றம் இன்னும் தெளிவானது, இலவசமும்கூட. புதியவர்கள் 9 டிகிரி டிரைவரை வைத்துக்கொண்டு ஷாஃப்டைக் குறை சொல்வதை அடிக்கடி பார்க்கலாம், 10.5 அல்லது 12 டிகிரி இருந்தால் பாதிப் பேருக்குக் குறையே இருக்காது.

டார்க் (முறுக்கம்) என்று டிகிரியில் போட்டிருப்பது ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பது. டிரைவரில் பொதுவாக 3 முதல் 6 வரை இருக்கும். குறைவானது கைக்கு இறுக்கமாகவும், கூடியது இளக்கமாகவும் தெரியும். தொடக்கத்தில் 4, 5 என்ற நடுப்பகுதியில் எதுவும் பிழையில்லை.

நிறத்துக்கு ஒரு பயன் உண்டு. ஷாஃப்ட் தயாரிக்கும் ஃபுஜிகுரா நிறுவனத்தின் வென்டஸ் வரிசையில் சிவப்பு உயரமாகக் கிளம்பும், நீலம் நடுத்தரம், கறுப்பு தாழ்வு. மிட்சுபிஷியில் தாழ்வானதற்கு வெள்ளை. ஒரு நிறுவனத்தின் நிறக்கணக்கை இன்னொன்றில் பொருத்தாமல் இருந்தால் சரி.

6. அடித்து ஒப்பிடுதல்

வலையில் அடித்து ஷாஃப்டை ஒப்பிட முடியாது. பந்து போகும் வழியே தெரியாது. கொடைக்கானலில் ஒப்பிடலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. 2,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு. மதுரையில் 200 கெஜம் போகும் அடி அங்கே ஏறக்குறைய பத்துக் கெஜம் கூடுதலாகப் போகும். அது மட்டுமன்று, அடர்த்தி குறைந்த காற்றில் பந்து வளைவதும் குறைகிறது. பழைய ஷாஃப்டைக் கீழே அடித்துவிட்டுப் புதியதை மலையில் அடித்தால், "தூரமும் கூடியது, வளைவும் குறைந்தது, ஷாஃப்ட் பிரமாதம்" என்று தோன்றும். பாராட்டு மலைக்குச் சேர வேண்டியது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் அடியுங்கள்.

ஃபிட்டிங் செய்துகொள்ள விரும்பினால் சென்னையிலும் பெங்களூரிலும் வசதி உண்டு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கிய கையோடு போய் அடிக்க வேண்டாம். அன்று அளக்கப்படுவது உங்கள் வீச்சாக இருக்காது, தூக்கக் கலக்கமாக இருக்கும். உங்கள் டிரைவரையும் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையும் கொண்டு போங்கள். தலை ஒன்றே, லாஃப்ட் ஒன்றே, பந்து ஒன்றே. ஷாஃப்ட் மட்டும் மாற வேண்டும். முதல் ஷாஃப்டில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மறுபடி முதலாவதில் ஐந்து என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால், உடல் சூடேறியதையோ களைத்ததையோ ஷாஃப்டின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஃபிட்டிங் கருவியின் திரையில் நிறைய எண்கள் ஓடும். உங்களுக்கு வேண்டியவை நான்கு: பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, இடவலமாகச் சிதறும் அகலம். 90 மைல் வேகக்காரருக்கு 14 டிகிரியை ஒட்டிய கோணமும், நிமிடத்துக்கு 2,500 முதல் 2,800 வரையிலான சுழற்சியும் நல்ல இலக்கு. ஃபிட்டர் அந்த ஒரே ஒரு நீண்ட அடியைக் காட்டி "பார்த்தீர்களா!" என்பார். அதை விட்டுவிட்டு, மோசமான மூன்று அடிகள் எங்கே விழுந்தன என்று கேளுங்கள். எந்த ஷாஃப்டில் உங்கள் மோசமான அடி மைதானத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் வாங்கத்தக்கது. சராசரியில் நாலைந்து கெஜ வித்தியாசமென்றால் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொண்டு, பழையதோடு ஊர் திரும்பலாம்.

7. வாங்கும்போது

பெயர்பெற்ற ஷாஃப்ட் ஒன்று தனியாக வாங்கினால் அமெரிக்காவிலேயே 300 டாலரைத் தாண்டும். அதே பெயரும் வண்ணமும் டிரைவரோடு சேர்ந்தே வருவதையும் பார்ப்பீர்கள். பெயர் ஒன்றானாலும் உள்ளே அடுக்கிய பொருள் வேறாக இருக்கலாம் என்பதால், கூடவே வருவதைத் தனியாக விற்பதன் விலைக்கு யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். பாதி விலைக்குப் புத்தம் புதிது என்று இணையத்தில் வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்லீவ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றின் ஸ்லீவ் மற்றதன் தலையில் ஏறாது. தலைக்குள் போகும் ஷாஃப்ட் முனையின் விட்டம் இப்போதைய டிரைவர்களில் பெரும்பாலும் 0.335 அங்குலம், சில பழைய தலைகளுக்கு 0.350. வாங்குமுன் இரண்டையும் கேளுங்கள்.

பழைய ஷாஃப்ட் என்றால் இன்னொரு கேள்வியும் சேரும்: முனைப்பக்கம் அறுத்திருக்கிறார்களா? பிடிப்பக்கம் அறுத்தால் நீளம்தான் முக்கியமாகக் குறையும். முனைப்பக்கம் அறுத்தால் விறைப்பு கூடிவிடும், அச்சிட்ட எழுத்து பொய்யாகிவிடும். கையில் கிடைத்ததும் ஷாஃப்டை வெளிச்சத்தில் மெல்ல உருட்டிக்கொண்டே கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கீறல் நகத்தில் தட்டிவிட்டு முடிந்துவிடும். நார் பிளந்திருந்தால் நகம் உள்ளே இறங்கும், சில நேரம் அழுத்தினால் மெல்லிய நொறுங்கும் ஒலியும் கேட்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி வீச்சில் உடையும் கிராஃபைட் கையைக் கிழித்துவிடும்.

8. மாட்டுவதும் காப்பதும்

ஸ்லீவ் மாட்டிய ஷாஃப்ட் என்றால் வேலை எளிது. நிறுவனம் தந்த சாவியால் 'கடக்' என்று ஒலிக்கும்வரை திருகினால் போதும், அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். ஸ்லீவைப் புதிதாக ஒட்ட வேண்டுமென்றால் கிளப் வேலை தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தெருமுனைப் பட்டறையில் கேஸ் விளக்கைக் காட்டிக் கழற்றினால் கிராஃபைட்டின் பிசின் வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வலு போயிருக்கும்.

தலையையும் ஷாஃப்டையும் பிடித்து வைத்திருப்பது எபாக்ஸி என்ற பசை. கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிளப்புகளை விட்டுவைத்தால் அந்தப் பிடிப்பு நாளடைவில் தளரும். வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வியர்வைக்குப் பிடி வழுக்கினால் பாத்திரம் துலக்கும் சோப்பை நீரில் கரைத்துக் கழுவி நிழலில் உலர்த்தலாம். அதற்கும் மசியாவிட்டால் நூல் கலந்த பிடிக்கு மாறலாம். மாற்றும் முன் பழைய பிடியையும் புதியதையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிடிகள் ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். புதியது 5 கிராம் கூடுதலாக இருந்தால் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளி இறங்கி, தலை இலேசாகத் தெரியும். தலையில் 2 கிராம் ஈயம் ஒட்டினால் சரியாகிவிடும்.